பள்ளிக்கூடக் கதைகள்: யாருக்கு எதைக் கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பின் நூலகப் பாடவேளையில் ஒரு சிறார் நாவலை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் நடக்கும் நகைச்சுவைக் கதை. நூலின் பெயர் இங்கே வேண்டாம். அதில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் வருவான். அவன் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். கதைக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அவன் பேசும் இடங்களை நானும் திக்கித் திக்கி நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு ஆர்வமாகக் கதை கேட்கிறார்களே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

அதே வகுப்பில், மூன்றாவது வரிசையில், பேச்சு சற்றுத் தடைபட்டு வரும் மாணவன் ஒருவன் இருந்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் நினைவு வரவில்லை. பத்து நாள் கழித்து அவனுடைய அம்மா வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கு வந்து நின்றார். “டீச்சர், நாலு நாளா ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவுறான். ஏதோ கதையில வர்ற பேரச் சொல்லிக் கூப்புடுறாங்களாம். என்னன்னு கொஞ்சம் கேளுங்க” என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பெயரை வகுப்புக்குக் கொடுத்தவளே நான்தான். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வகுப்பிலும் என் தவறைச் சொன்னேன். அவன் பள்ளிக்குத் திரும்பி வந்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் பள்ளியைக் களமாகக் கொண்ட கதைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்சம் பொறுமையாக யோசிக்கத் தொடங்கினேன். நான் யோசித்தவற்றையும் வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் இங்கே பகிர்கிறேன். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதாவது ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். படக்கதையைத் தாண்டிவிட்ட, பெரியவர்களின் நாவலுக்கு இன்னும் வந்து சேராத வயது இது.

பள்ளிக் கதை ஏன் தனி?

மாயாஜாலக் கதையில் டிராகன் எப்படி நெருப்புக் கக்கும் என்று எந்தப் பிள்ளையும் நம்மிடம் வாதாடாது. பள்ளிக்கூடக் கதையில் அப்படி இல்லை. வகுப்பறை, மணி அடிப்பது, வீட்டுப்பாடம், சத்துணவு வரிசை, கழிப்பறை, தேர்வுத்தாள் கொடுக்கும் நாள் எல்லாவற்றையும் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிறார்கள். கதாசிரியர் ஓரிடத்தில் பொய் சொன்னாலும் கண்டுபிடித்து விடுவார்கள். “எந்த ஸ்கூல்ல டீச்சர் இப்படிப் பேசுவாங்க?” என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.

அதே காரணத்தால் கதையில் இருப்பது வகுப்புக்குள் எளிதாக இறங்கிவிடும். கதையில் வரும் பட்டப்பெயர் மறுநாள் விளையாட்டுத் திடலில் கேட்கும். கதையில் ஒருவனை ஒதுக்கி வைத்தால், அதைப் போலவே இங்கேயும் ஒருவனை ஒதுக்கி வைக்க வழி கிடைத்துவிடும். நல்லதும் இப்படியே இறங்கும். கதையில் வரும் சிறுமி தயங்காமல் கேள்வி கேட்டால், அதுவரை கேட்காத பிள்ளையும் ஒருநாள் கையை உயர்த்தும். எனவே மற்றக் கதைகளைவிடப் பள்ளிக் கதையைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள்

இப்போது ஒரு பள்ளி நாவலைக் கையில் எடுத்தால் நான்கு கேள்விகளை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: இந்தக் கதை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? நகைச்சுவை வேண்டும், பிள்ளைகள் அதற்காகவே நூலை எடுக்கிறார்கள். ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவன் செய்யும் குறும்பில், சூழ்நிலையில் ஏற்படும் குழப்பத்தில், பெரியவர்களின் வீறாப்பில் இருந்து சிரிப்பு வந்தால் நல்லது. ஒருவனுடைய உடல் பருமன், நிறம், பேச்சுத் தடை, கண்ணாடி, கிழிந்த சட்டை, மதிப்பெண் ஆகியவற்றில் இருந்து வந்தால் அந்த நூலை நான் வகுப்பில் வாசிப்பதில்லை. அப்படிப்பட்ட கதாபாத்திரம் கதையில் வரவே கூடாது என்று சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு மனம் இருப்பதைக் கதை காட்டுகிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது கேள்வி: கதையில் வரும் ஆசிரியர் எப்படிப்பட்டவர்? பல கதைகளில் ஆசிரியர் ஒன்று தெய்வமாக இருக்கிறார், இல்லாவிட்டால் அரக்கராக இருக்கிறார். நம் பிள்ளைகள் இரண்டு வகை ஆசிரியரையும் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது காலையில் சிரித்துப் பேசி, நான்காவது பாடவேளையில் சிடுசிடுக்கும் ஆசிரியரை. கதையில் வரும் ஆசிரியர் தவறு செய்யலாம். அந்தத் தவறைக் கதை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கிறேன். குறிப்பாக, பழைய நூல்களில் பிரம்படி சாதாரணமாக வரும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பழைய கதையை வாசிக்கும்போது இதையும் சேர்த்துப் பேசினால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குப் புரியும்.

மூன்றாவது கேள்வி: இது பிள்ளைக்காக எழுதப்பட்டதா, நமக்காக எழுதப்பட்டதா? பள்ளியைப் பற்றிய நூல் எல்லாமே பள்ளிப் பிள்ளைக்கான நூல் அல்ல. இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை நம்மில் பலர் வாசித்திருப்போம். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமல் இருக்கத் தன் உடலிலேயே ஒரு வேதிப்பொருளைச் சோதித்து இறந்துபோகும் கதை. ஓர் ஆசிரியையின் குற்ற உணர்ச்சியில் இருந்து சொல்லப்படுகிறது. ஆசிரியர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய நூல் அது. அதற்காகவே அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் தனியாகப் படிக்கக் கொடுக்க நான் தயங்குவேன். அந்த வயதுப் பிள்ளை அந்த மரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய ‘பகல் கனவு’ம் அப்படித்தான். நான்காம் வகுப்பைப் பொறுப்பேற்று, பாடத்தை ஒதுக்கிவைத்துக் கதை சொல்லத் தொடங்கும் ஓர் ஆசிரியரின் கதை அது. நாம் வாசிக்க வேண்டும், வாசித்தபின் அவரைப்போல் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி: கடைசிப் பக்கம் வரை நான் வாசித்துவிட்டேனா? மிக எளிய கேள்வி இது. இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ தமிழில் கிடைக்கிறது. தலைப்பைப் பார்த்தாலே ஆசிரியர் தினத்துக்குப் பரிசாகக் கொடுக்கத் தோன்றும். முதல் பாதியும் அப்படித்தான் போகும். அதிகம் படிக்காத இளைஞன் துய்ஷேன் ஒரு பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான், குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடக்கிறான். அல்தினாய் என்ற அனாதைச் சிறுமி அவனிடம் எழுத்துக் கற்கிறாள். ஆனால் நடுவில் அந்தச் சிறுமியை அவளுடைய சித்தி வீட்டார் ஒருவனுக்கு இரண்டாம் மனைவியாக விற்றுவிடுகிறார்கள். அவன் அவளுக்குக் கொடுமை செய்கிறான். அந்தப் பகுதியை ஆறாம் வகுப்பு மாணவியிடம் தனியாக வாசிக்கக் கொடுக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ, குழந்தைத் திருமணம் பற்றிப் பேசும்போது, ஆசிரியர் துணையோடு வாசிக்க இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே நூல், மூன்று ஆண்டு தள்ளிக் கொடுத்தால் சரியான நூலாகிறது.

மொழியும் அளவும்

உள்ளடக்கம் சரியாக இருந்தாலும் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை என்றால் பயனில்லை. நம் பள்ளிகளில் ஒரே ஏழாம் வகுப்பில் சரளமாக வாசிப்பவரும், எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிப்பு இயக்க நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளாகப் பிரித்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. வகுப்பைப் பார்த்து நூலைக் கொடுக்காமல் பிள்ளையின் வாசிப்பு நிலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவன் ‘நட’ நிலையில் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை நாம் முகத்தாலும் காட்ட வேண்டும். “இது சின்னப் பிள்ளைங்க புத்தகம்” என்று யாராவது கேலி செய்தால் அந்த நூலை நானே எடுத்து வகுப்பில் வாசித்து ரசிப்பேன். பிறகு கேலி வருவதில்லை.

நூலின் கடினத்தை அறிய நான் ஐந்து விரல் முறையைப் பயன்படுத்துகிறேன். நூலின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்க வேண்டும். தடுக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம். ஒரு விரலும் மடங்காவிட்டால் தாராளமாகத் தனியாக வாசிக்கலாம். இரண்டு மூன்று விரல் என்றால் ஒரு நண்பனோடு சேர்ந்து வாசிக்கலாம். தமிழில் ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பொருள் தெரியாத சொல் மட்டுமல்ல, புணர்ந்து நீண்டுபோன சொல்லும் பிள்ளைகளைத் தடுக்கும். ‘வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்பதில் தெரியாத சொல் எதுவும் இல்லை. இருந்தாலும் பிள்ளை மூன்று முறை நின்றுதான் வாசிக்கும். வாக்கியங்களும் சொற்களும் குறுகியதாக உள்ள நூலை முதலில் கொடுங்கள்.

பேச்சுவழக்கு உரையாடல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வேறு வட்டார வழக்காக இருந்தால் கண்ணால் வாசிக்கத் திணறுவார்கள். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ ஓர் அருமையான சிறு நாவல். பறவை முட்டைகளைத் தேடி அலையும் கரிசல் காட்டுச் சிறுவனின் கதை. பள்ளிக்கு வெளியேயும் ஒரு பிள்ளை எவ்வளவு கற்கிறது என்பதைச் சொல்லும் கதை என்பதால் பள்ளிக் கதைகளோடு சேர்த்தே இதை வைத்திருக்கிறேன். கரிசல் பகுதிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு அதன் மொழி முதலில் தடுக்கும். அதற்கு நூலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் முதல் இரண்டு இயல்களை வாய்விட்டு வாசித்தால் காது பழகிவிடும், அப்புறம் அவர்களே வாசிப்பார்கள்.

தாள், எழுத்து அளவு, படம் ஆகியவற்றையும் பாருங்கள். பொடி எழுத்தில் 200 பக்கம் என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தொடவே தொடாது. விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’ போன்ற சிறு நூல்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நல்ல தொடக்கம். வகுப்பறைப் பென்சில்களே கதாபாத்திரங்களாக வருவதால், வாசித்து முடித்ததும் தங்கள் பென்சில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அழிப்பானும் அளவுகோலும் பேசிக்கொள்வது போல அவர்களே ஒரு கதை எழுதிக் கொண்டு வருகிறார்கள்.

வகுப்பில் பயன்படுத்திய மூன்று நூல்கள்

எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் கை மாறிக் கிழிந்துபோகும் நூல் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானின் தெத்சுகோ குரோயாநாகி தன் சிறு வயதைப் பற்றி எழுதி 1981-இல் வெளிவந்தது. கண்டிப்பாகச் சொன்னால் இது நாவல் அல்ல, வாழ்க்கை நினைவு. ஆனால் பிள்ளைகள் கதையாகத்தான் வாசிக்கிறார்கள். சன்னலருகே நின்று தெருவில் போகும் இசைக்காரர்களைக் கூப்பிட்டதற்காகவும், மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்காகவும் முதல் பள்ளியில் இருந்து நீக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் டோமாயி பள்ளியில் சேர்கிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். எந்தப் பிள்ளையும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடாமல் கடப்பதில்லை.

இயல்கள் சிறியவை. ஒரு நாளைக்கு ஓர் இயல் வாசிக்கலாம், இடையில் விட்டுவிட்டும் தொடரலாம். ஐந்தாம் வகுப்பு முதல் தாராளமாகக் கொடுக்கலாம். இறுதிப் பகுதியில் போரும், போலியோவால் பாதிக்கப்பட்ட நண்பனின் மரணமும், குண்டுவீச்சில் பள்ளி எரிவதும் வருகின்றன. அதை மட்டும் நாம் உடனிருந்து வாசிப்பது நல்லது.

இந்த நூலில் நான் எந்த வகுப்பிலும் விடாமல் வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. தகஹாஷி என்ற மாணவன் வளர்ச்சி நின்றுபோய்க் குள்ளமாக இருப்பவன். ஆசிரியை ஒருவர் பாடம் நடத்தும்போது விளையாட்டாக அவனுக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். பிறகு தலைமை ஆசிரியர் அந்த ஆசிரியையைச் சமையலறையில் தனியாக அழைத்துக் கண்டிக்கிறார். டோட்டோ-சான் தற்செயலாக அதைக் கேட்டுவிடுகிறாள். அதே பள்ளியின் விளையாட்டு விழாவில் தகஹாஷியே எல்லாப் போட்டியிலும் முதலில் வருகிறான். சிறிய உடல் கொண்டவனுக்கு ஏற்றபடி போட்டிகளைத் தலைமை ஆசிரியர் யோசித்து அமைத்திருக்கிறார்.

நான் முதலில் சொன்ன மாணவன் எட்டாம் வகுப்புக்கு வந்த ஆண்டில்தான் இந்த இயலை முதன்முறையாக வகுப்பில் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரலே கொஞ்சம் தடுமாறியது. முடித்ததும் யாரும் உடனே பேசவில்லை. அவன்தான் கையை உயர்த்தினான். சொற்கள் வர நேரம் எடுத்தது, வகுப்பு காத்திருந்தது. “டீச்சர், அந்த ஹெட்மாஸ்டர் ஏன் எல்லார் முன்னாடியும் திட்டல?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த மாணவி, “அந்த டீச்சருக்கும் அசிங்கமா இருக்கும்ல” என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். ஓராண்டுக்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

இரண்டாவது நூல் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்’. 1935-இல் வெளியான ஆங்கில நாவல். மால்குடி என்ற கற்பனை ஊர், ஆல்பர்ட் மிஷன் பள்ளி, சுவாமிநாதன் என்ற சிறுவன். எங்கள் ஆங்கில ஆசிரியரும் நானும் சேர்ந்து இதை ஏழாம், எட்டாம் வகுப்புகளில் நடத்தினோம். அவர் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பார், மீதியை நான் தமிழில் கதையாகச் சொல்வேன். மாம்பழக் கணக்கு வரும் இடம் எல்லோருக்கும் பிடித்தது. அப்பா ஒரு விலைக் கணக்குக் கொடுக்கிறார். சுவாமியோ கணக்கை விட்டுவிட்டு அந்த மாம்பழம் பழுத்ததா, காயா என்று கவலைப்படுகிறான். எங்கள் கணித ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, “பழுத்ததுன்னா விலை மாறுமே, அவன் கேக்குறது சரிதானே” என்று ஒரு பாடவேளை முழுவதும் பேசினார்.

இந்த நூலில் பிரம்படி உண்டு. விடுதலைப் போராட்டக் காலத்து வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, சுவாமி அந்தப் பள்ளியையே விட்டு வெளியேறுகிறான். “அடிச்சதால என்ன ஆச்சு?” என்ற ஒரு கேள்வி போதும், பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். சுவாமி எல்லாப் பாடத்திலும் முதல் மாணவன் அல்ல. பொய் சொல்கிறான், பயப்படுகிறான், நண்பனுக்காக ஏங்குகிறான். நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகள் தங்களை அவனிடத்தில் பார்க்கிறார்கள். நம் கதைகளில் முதல் மதிப்பெண் வாங்குபவனும் தோற்றுப் போகிறவனும் நிறைய வருகிறார்கள். இடையில் இருக்கும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குக் கதை குறைவு.

மூன்றாவது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு ஒரு மரப்பாச்சிப் பொம்மை தோழியாகிறது. பாலியல் சீண்டலை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் சொல்வது என்பதைப் பயமுறுத்தாமல் சொல்லும் கதை. மொழி எளிமையானது. ஐந்தாம் வகுப்பில் இருந்தே வாசிக்கலாம், மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்தே வாசிக்க வேண்டும்.

ஆனால் இதை வகுப்பில் வைப்பதற்கு முன் நாம் தயாராக இருக்க வேண்டும். வாசித்து முடித்த ஒரு பிள்ளை நம்மைத் தனியாகத் தேடி வரலாம். அப்போது “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிடக் கூடாது. குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஏனெனில் போக்சோ சட்டப்படி தெரிந்ததைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 என்ற நம் துறையின் உதவி எண்ணையும் வகுப்பில் எழுதி வையுங்கள். இந்த ஏற்பாடுகளைச் செய்துவிட்டு நூலைக் கொடுங்கள்.

புதிய நூல்களைத் தேட பால சாகித்ய புரஸ்கார் பட்டியல் நல்ல வழி. கடந்த சில ஆண்டுகளில் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) ஆகிய சிறார் நாவல்கள் இந்த விருதைப் பெற்றுள்ளன. விருது பெற்ற நூல் நல்ல நூலாக இருக்கலாம். உங்கள் வகுப்பில் இருக்கும் அந்த முப்பது பிள்ளைகளுக்கு ஏற்ற நூலா என்பதை நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

வாசித்த பின்

கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அப்படிக் கேட்டால் நாம் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்வார்கள். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். இந்தக் கதை நம்ம பள்ளியில் நடந்தால் எந்த இடத்தில் நடக்கும்? கதையில் யார் அதிகம் பேசவே இல்லை, அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஆசிரியர் செய்தது சரியா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள் நம்மைப் பற்றியதாகவும் இருக்கும். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் முறை கொஞ்சம் கடினம்தான்.

இரண்டு செயல்களைத் தவிர்த்துவிட்டேன். கதாபாத்திரத்தோடு வகுப்பில் உள்ள யாரையும் ஒப்பிடுவதில்லை, பாராட்டாக இருந்தாலும் சரி. “நீ டோட்டோ-சான் மாதிரி” என்று சொன்னால் அதுவும் ஒரு பட்டப்பெயர்தான். வாசித்ததற்கு மதிப்பெண் போடுவதும் இல்லை. நூலின் சுருக்கத்தை இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னால், அடுத்த முறை பக்கம் குறைந்த நூலாகப் பார்த்து எடுப்பார்கள்.

எங்கள் வகுப்பு நூலகத்தில் ஒரு சாதாரண நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் நான்கு பத்தி: முழுதாக வாசித்த ஆசிரியர் யார், எந்த வகுப்புக்குப் பொருந்தும், எந்தப் பக்கத்தில் உடனிருக்க வேண்டும், வாசித்த பிள்ளை சொன்ன ஒரு வரி. ஆசிரியரின் பெயர் எழுதப்படாத நூல் பிள்ளைகளிடம் போகாது. தொடங்கிய ஆண்டில் 11 நூல்களுக்குத்தான் பக்கம் நிரம்பியது. நான் மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது கணித ஆசிரியரும் தலைமை ஆசிரியரும்கூட வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆளுக்கு மாதம் ஒரு நூல் என்றாலும், நான்கு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஓர் ஆண்டில் 40 நூல்களுக்கு மேல் வாசித்துவிடலாம்.

அந்த நோட்டில் ‘டோட்டோ-சான்’ பக்கத்தில், கடைசிப் பத்தியில், அந்த மாணவன் எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது எழுதிய வரி இருக்கிறது: “தகஹாஷி ஜெயிச்ச இடத்த மூணு தடவ படிச்சேன்.” பிழை திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

உங்கள் பள்ளியிலும் இந்தக் கல்வியாண்டில் அப்படி ஒரு நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுவதற்கு முன், ஒரு நூலைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிடுங்கள். வாசிக்கும்போது உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.